மரம் ஒருவருடையது, காய் இன்னொருவருடையது, ஏணி?

பேரிக்காய்க் காலத்தில் கொடைக்கானலின் வில்பட்டி, பள்ளங்கி பக்கம் போனால் ஒரு வேடிக்கை புரியும். தோட்டம் ஒருவருடையது, மரத்தில் தொங்கும் காய் வேறொருவருடையது. பிஞ்சு பிடித்ததுமே வியாபாரி வந்து மரங்களைச் சுற்றிப் பார்த்து, மொத்தமாக விலை பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். பறிக்கிற நாளில் ஆட்களைப் பிக்கப்பில் ஏற்றி வருகிறவர் மேஸ்திரி. ஏணி மட்டும் பெரும்பாலும் தோட்டத்திலேயே கிடக்கும் பழசு.

அந்த ஏணியிலிருந்து ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு போனால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? காயைத்தான் விற்றாயிற்றே என்பார் தோட்டக்காரர். காய் என்னுடையது, ஆள் மேஸ்திரியோடது என்பார் வியாபாரி. மேஸ்திரியோ விழுந்தவருக்கு மாமனோ மச்சானோ. கையில் இருக்கும் சில நூறுகளைக் கொடுத்து, வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார். அத்தோடு கணக்கு முடிந்தது.

வேலை செய்யும் இடத்தில் உடம்பு கெட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி கொடைக்கானலுக்குப் புதிதல்ல. இங்கிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டது என்று தொழிலாளர்கள் போராடினார்கள். நிறுவனம் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல்தான். கேட், வருகைப் பதிவேடு, உலகமறிந்த பெயர் எல்லாம் இருந்த இடத்திலேயே பதினைந்து வருஷம் பிடித்தது. பழத்தோட்டத்தில் இவை எதுவுமே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா, ஏலக்காய் என்று ஐந்து பயிர்களின் பெயரைச் சொன்னது. அதிலும் 5 ஹெக்டேர் நிலம், 15 ஆட்கள் வேண்டும் என்றது. பூச்சிமருந்திலிருந்து தொழிலாளியைக் காக்கும் பிரிவு அதில் சேர்ந்ததே 2010-ல்தான். பேரி, பிளம்ஸ், மலைவாழை, ஆரஞ்சு எதற்கும் அந்தப் பட்டியலில் இடமிருக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பதின்மூன்று பழைய சட்டங்களை விழுங்கியிருக்கிறது, அந்த 1951 சட்டத்தையும் சேர்த்து. அங்கே பொதுவான அளவுகோல் பத்துப் பேர். இரண்டு ஏக்கர் பேரித்தோட்டத்தில் வருஷம் முழுக்க வேலை செய்வது தோட்டக்காரர், அவர் மனைவி, இரண்டு மூன்று கூலி ஆட்கள். பறிக்கிற நாளில் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். ஆனால் அவர்கள் யாருடைய ஆட்கள் என்று மறுபடி அதே கேள்வி.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ன் இழப்பீட்டுச் சட்டத்தில் 12-ம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தன் தொழிலின் வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தாலும், விபத்துக்கு முதலாளியே முதலில் பணம் கொடுக்க வேண்டும் என்றது அது. பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காய்க் குத்தகையில் வியாபாரி ஒப்பந்தக்காரர் அல்ல, காயை வாங்கியவர். அந்தச் சந்தில்தான் பொறுப்பு நழுவி விழுகிறது. நியூசிலாந்திலும் பழத்தோட்ட வேலை ஒப்பந்த ஆட்களை நம்பியதுதான். அங்கே 2015-ல் வந்த சட்டம் பொறுப்பை ஒருவர் தலையில் கட்டவில்லை. தோட்டக்காரர், ஆள் கொண்டுவருகிறவர் எல்லோரும் சேர்ந்து பேசிப் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும் என்றது. அந்தப் பொறுப்பை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துக் கை கழுவவும் முடியாது.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம், விஷயம் வேறு மாதிரி. காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் ஒரே தோட்டத்தில். சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியைப் பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவில் விட்ட குச்சிதான் படி. பனியில் நனைந்த மூங்கில் வழுக்கும். மரத்தோடு மேலும் கீழும் கயிறு போட்டுக் கட்டினால் பாதி ஆபத்து போய்விடும். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் கட்டி அவிழ்க்க நேரமாகும், கூலியோ கிலோக் கணக்கில். பட்டர் ஃபுரூட் பறிக்கும் அலுமினியத் தொரட்டி மின்கம்பியில் உரசினால் கயிறும் காப்பாற்றாது.

மருந்து விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். காபி, ஆரஞ்சுக்கு அடிக்கும் ஒரு சதவீத போர்டோ கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலக்கியதும் அதில் கத்தியை நனைத்துப் பார்ப்பார்கள்; செம்புக் கறை படிந்தால் இலை கருகும் என்று இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். இலைக்கு இருக்கும் இந்தப் பரிசோதனை அடிக்கிறவர் தோலுக்குக் கிடையாது.

மலைவாழையின் எமன் முடிக்கொத்து நோய். அதைப் பரப்பும் அசுவினி இலையிடுக்கில் பதுங்கும். தலைக்கு மேலே அடித்தால் மருந்து முகத்தில்தான் சொட்டும். கொடைக்கானல் குளிரில் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். பாதுகாப்பு என்று தோன்றும். கம்பளி மருந்தைக் குடித்துக்கொண்டு சாயங்காலம் வரை உடம்போடு ஒட்டியிருக்கும். ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும்: கண்மணி சுருங்கும், எச்சில் ஊறும், வியர்த்துக் கொட்டும். டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கிறது. சிவப்புதான் கொடியது. 1971-ன் பூச்சிக்கொல்லி விதிகள் கையுறையும் முகக்கவசமும் கேட்கின்றன. அடிக்கிறவர் கையில் வரும்போது மருந்து பெரும்பாலும் வாளியில் கலந்தே வருகிறது, முக்கோணம் கடையோடு சரி.

களை வெட்டும்போது கடிக்கும் பூச்சியால் வரும் உண்ணிக் காய்ச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். கடித்த இடம் சிகரெட் சுட்டதுபோல் கறுக்கும். டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு மளமளவென்று கேட்கும், டாக்டர் சந்தேகப்பட்டால். தோட்ட வேலைக்காரன் என்று நோயாளி சொன்னால் பாதி வேலை முடிந்தது. விடிகாலையில் வழிமறிக்கும் காட்டுமாடு தனிக்கதை.

உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருந்தால் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசுப் பணம் உண்டு. வாங்கத்தான் வேண்டும். ஆனால் அது ஏணியைச் சரிபார்க்காது.

காய்க் குத்தகைச் சீட்டில் மரத்தின் எண்ணிக்கை, விலை, முன்பணம், காலி செய்யும் தேதி எல்லாம் எழுதுகிறார்கள். ஏணி யாருடையது, விழுந்தால் யார் கொடுப்பது என்று ஒரு வரி அதிலேயே சேர்க்கலாம். வியாபாரி விலையைக் கொஞ்சம் குறைப்பார்தான். எவ்வளவு குறைப்பார் என்று கேட்டுப் பார்த்த தோட்டக்காரர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.