ஜோரும் மைலேஜும்

கார் வாங்க வந்தவர் ஷோரூம் நாற்காலியில் அமர்ந்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, ‘மைலேஜ் என்ன கொடுக்கும்?’ என்பதுதான். தகப்பனார் விலைப் பட்டியலில் மூழ்கியிருக்கும் சமயம் பார்த்து, கூட வந்த புதல்வன், ‘பிக்கப் எப்படி?’ என்று மெல்ல விசாரிப்பான். இவ்விரண்டும் ஜன்மப் பகை என்று நம் ஜனங்கள் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதிதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டுச் சின்னக் காருக்கு உருவம் கொடுத்ததில் எஞ்சினியருக்கு உள்ள பங்கு வரி விதிப்பவருக்கும் உண்டு. 4 மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோலானால் 1,200 சி.சி.க்கும், டீசலானால் 1,500 சி.சி.க்கும் மேற்படாத கார்களுக்கு 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் கலால் வரியைக் குறைத்தார்கள். 2005-இல் 1.3 லிட்டர் எஞ்சினுடன் வந்து வாலிபர்களை மயக்கிய மாருதி ஸ்விஃப்ட்டும், 2010-இல் 1.2 லிட்டராக இளைத்து அந்தக் கோட்டுக்குள் வந்து சேர்ந்தது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியபோதும் அதே அளவுகோலைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

எஞ்சினைப் பெரிதாக்க இடமில்லை என்றான பிறகு, ஜோரைக் கூட்ட டர்போ என்ற உபாயம் கைகொடுத்தது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கிற வித்தை அது. 2013-இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டரில் 105 குதிரைச் சக்தி கொடுத்தது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் ஐ20 என் லைன், 2021-இல், ஒரு லிட்டர் எஞ்சினிலேயே 120-ஐத் தொட்டது. பந்தயக் கார்களுக்குப் பேர்போன கோயம்புத்தூரின் ஜெயெம் நிறுவனம் டாட்டாவுடன் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி.க்கு 114 குதிரைச் சக்தி. 2020-இன் புகை விதிகளோடு அது மறைந்துபோனதில் எனக்கு இன்றளவும் வருத்தந்தான்.

ஆனால் டர்போவுக்கு ஒரு சுபாவம் உண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு நண்பரின் டர்போ காரை ஓட்டிப் பார்த்தேன். வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் போல் வண்டி ஒரு கணம் விழிக்கும். முள் 2,000-ஐத் தாண்டியதும் திடீரென்று பாயும். பாய்ந்து முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். உற்சாகம் மிகுந்தால் பெட்ரோலும் அதே உற்சாகத்தோடு இறங்குகிறது.

கனத்தைக் குறைப்பது இன்னொரு மார்க்கம். என் மனம் சாய்வது அந்தப் பக்கந்தான். 2024-இல் வந்த ஸ்விஃப்ட்டின் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு 82 குதிரைச் சக்திதான். முந்தியதைக் காட்டிலும் குறைவென்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆயினும் ஒரு டன்னுக்கும் குறைந்த உடம்பாகையால், சிக்னலில் கிளம்பும்போதும் வளைவில் திரும்பும்போதும் அந்தக் குறை தெரிவதில்லை. பெட்ரோலை மிச்சப்படுத்துகிற அதே லேசான உடம்புதான் ஓட்டுகிறவனுக்கு ஆனந்தத்தையும் கொடுக்கிறது.

அந்தக் காருக்கு விளம்பரத்தில் காணும் லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர் என்பது, வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, 90 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஓட்டிய பரீட்சையின் மார்க். எதிர்க்காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றாற்போல் உயர்வது; 80-இல் போகிறவர் 110-க்குத் தாவினால், அது ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். ஆகவே நான் பழைய முறையைத்தான் கைக்கொள்கிறேன்: பங்க்கில் தானாக நிற்கும் வரை டாங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, நாலைந்து நாள் ஓடியபின், அதே பங்க்கில் அதே விதமாக நிரப்புவது. போன மாதம் 410 கிலோமீட்டருக்கு 22.5 லிட்டர் பிடித்தது; லிட்டருக்குப் பதினெட்டுச் சொச்சம்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகிறவர்கள் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, ஒரு மேம்பாலச் சரிவில் மூன்றாம் கியரில் நாற்பதிலிருந்து மிதித்துப் பார்க்கட்டும். பக்கத்தில் இருக்கும் விற்பனைக்காரர், ‘ரெண்டாவதுக்கு மாத்துங்க சார்’ என்று எந்த இடத்தில் சொல்கிறார் என்பதைக் கவனித்துக்கொண்டால் போதும்.