தோட்டத்தின் நினைவைக் கணினியில் காப்போம்: காசில்லாமல் கிடைக்கும் ஐந்து கருவிகள்

பகாவ், ரந்தாவ், லிங்கி, லாபு, போர்ட்டிக்சன் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் போனாலும், "முன்பு இங்கே ஒரு தோட்டம் இருந்தது" என்று சொல்லும் பெரியவர் ஒருவரைச் சந்திக்கலாம். ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயன் வீடுகள் இடிக்கப்பட்டன. மக்கள் தாமான்களுக்குக் குடியேறினர்.

தோட்டம் போனால் நிலம் மட்டும் போவதில்லை. அங்கே பேசிய சொற்களும் சேர்ந்து போகின்றன. பிரட்டு, மங்கு, பால் கொட்டகை, தண்டல், கிராணி, செக்ரோல் ஆகிய ஆறு சொற்களையும் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் விளக்குவார்கள்? உங்கள் பாட்டி விளக்குவார். அவர் சொல்வதை யாராவது பதிவு செய்து வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பெரிய பணமோ புதிய கணினியோ தேவையில்லை. குரலைப் பதிய, பழைய படத்தைச் சீராக்க, தமிழில் எழுத, எழுதியதை நூலாக்க, வரைபடத்தில் குறிக்க என ஒவ்வொரு வேலைக்கும் இலவசக் கருவிகள் உண்டு. அவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

காசு வாங்காத மென்பொருள் எல்லாம் ஒரே வகை அல்ல. சில நிறுவனங்கள் மென்பொருளை இலவசமாகத் தரும். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாது. 'கட்டற்ற மென்பொருள்' அப்படியல்ல. அதை யாரும் பயன்படுத்தலாம், அதன் நிரல்வரிகளைப் படித்துப் பார்க்கலாம், மற்றவருக்குப் படியெடுத்துத் தரலாம், மாற்றி அமைத்தும் வெளியிடலாம். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் இந்த இயக்கத்தைத் தொடங்கினார்.

இந்தக் கருவிகளில் பல மாணவர்களின் கைவேலை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியை 1991 இல் எழுதத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. எந்தக் காணொலியையும் திறக்கும் 'விஎல்சி', பிரான்ஸ் நாட்டுக் கல்லூரி மாணவர்கள் 1996 இல் தொடங்கிய திட்டத்திலிருந்து பிறந்தது. நம் நாட்டு அரசும் 2004 இல் பொதுத்துறைக்கெனத் திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

1. குரலுக்கு: ஆடாசிட்டி

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000 இல் வெளிவந்த ஒலித்தொகுப்பு மென்பொருள் இது. கைப்பேசியில் பதிந்த பேச்சைக் கணினிக்கு மாற்றி, இதில் திறந்து, இரைச்சலைக் குறைக்கலாம். தேவையற்ற பகுதியை வெட்டலாம்.

ஒலி எப்படி எண்ணாகிறது? ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. கணினி அந்த அதிர்வை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. குறுந்தட்டுத் தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படும். ஏன் அத்தனை? மனிதக் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஓர் அதிர்வைச் சரியாக மீட்டெடுக்க, அதன் வேகத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும். அதனால்தான் 40,000-ஐத் தாண்டிய எண்.

ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட் என்றால், ஒரு விநாடிக்கு 88,200 பைட். ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சுமார் 318 மெகாபைட். இதுவே 'வேவ்' கோப்பு. 128 கிலோபிட் வேகத்தில் 'எம்பி3' ஆக்கினால் அதே ஒரு மணி நேரம் ஏறக்குறைய 58 மெகாபைட்தான். ஆனால் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணித்த நுட்பங்களை எம்பி3 நிரந்தரமாகக் கழித்துவிடுகிறது. ஆகவே மூலப் பதிவை வேவ் அல்லது 'ஃபிளாக்' வடிவில் வையுங்கள். ஃபிளாக் அளவைக் குறைக்கும், ஆனால் எதையும் கழிக்காது. நண்பர்களுக்கு அனுப்ப மட்டும் எம்பி3 போதும்.

ஒரு நல்ல உத்தி: பேச்சு தொடங்குமுன் ஐந்து விநாடி யாரும் பேசாமல் பதியுங்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் அதில் இருக்கும். ஆடாசிட்டியில் அந்த ஐந்து விநாடியைத் தேர்ந்து 'இதுதான் இரைச்சல்' என்று காட்டினால், பதிவு முழுவதிலும் அதே வகை ஒலியைத் தேடிக் குறைக்கும். மழையும் சேவலும் அப்படி எளிதில் போகா; அவை ஒரே சீராக ஒலிப்பதில்லை.

கேள்வியும் முக்கியம். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் பாட்டி திகைத்துப் போவார். "பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுவீர்கள்? வெட்டுக்கத்தியை எப்படித் தீட்டுவீர்கள்? மழை பெய்தால் அன்றைய சம்பளம் என்னாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் முன், பதிவு செய்யலாமா, பிறருக்குப் போட்டுக் காட்டலாமா என்று அனுமதி கேளுங்கள்.

2. படத்துக்கு: கிம்ப்

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிசும் 1995 இல் உருவாக்கத் தொடங்கிய படத்தொகுப்பு மென்பொருள் இது. மங்கிப் போன திருமணப் படம், தீமிதித் திருவிழாப் படம், தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு வகுப்புப் படம் ஆகியவற்றுக்கு இது கைகொடுக்கும்.

முதலில் படத்தை வருட வேண்டும். 4க்கு 6 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வருடினால் 1,200 பெருக்கல் 1,800, அதாவது சுமார் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும். 600 புள்ளி என்றால் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: 86 லட்சத்து 40 ஆயிரம். நீளம், அகலம் இரண்டும் இரட்டிப்பாவதே காரணம். முகங்கள் சிறிதாக உள்ள வகுப்புப் படத்துக்கு 600 நல்லது.

பழைய படம் ஏன் மங்கலாகத் தெரிகிறது? அதில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் இல்லாமல் போய், எல்லாம் நடுத்தரச் சாம்பலில் அடங்கிவிடுகிறது. கிம்பில் உள்ள 'லெவல்ஸ்' வசதி, படத்தின் மிகக் கருமையான புள்ளியைக் கறுப்புக்கும் மிக வெளிறிய புள்ளியை வெள்ளைக்கும் இழுத்து, இடையில் உள்ளவற்றைப் பரப்பி வைக்கிறது. கீறல்களை 'ஹீல்' கருவி, பக்கத்தில் உள்ள நிறத்தைக் கொண்டு மூடுகிறது.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். கீறலை மறைக்கலாம், படத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. சுவரின் நிறம் தெரியாதபோது நாமாக நீலம் பூசினால், நாளை படிப்பவர் அதை உண்மை என்று நம்புவார். மூலப் படத்தைத் தொடாமல் தனியே வைத்து, படியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

3. எழுத்துக்கு: தமிழ் விசைப்பலகை

இதில் மலேசியாவுக்குத் தனிப் பெருமை உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985 முதல் 'முரசு' தமிழ் மென்பொருளை உருவாக்கி வளர்த்தவர். அவருடைய 'செல்லினம்' 2005 பொங்கலன்று அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. இன்றும் அதை இலவசமாகப் பதிவிறக்கலாம்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஓர் எண் வரிசை வைத்திருந்தது. ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் எழுத்தின் உருவத்தை ஒட்டி வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், புரியாத ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். கோயில் ஆண்டறிக்கை, பள்ளி மலர் என்று அந்நாளில் தட்டச்சு செய்த பல கோப்புகள் இன்று இப்படித்தான் கிடக்கின்றன. அவற்றை மீட்கக் குறியாக்க மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

யூனிகோடு இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. உலகின் எழுத்துகளுக்கு அது தனித்தனி எண் கொடுக்கிறது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'க' என்றால் 2965. இகரக் குறிக்கு 3007. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் திரையில் 'கி' தோன்றும். சிரம்பானில் அடித்ததைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அப்படியே படிக்கலாம்; தேடவும் முடியும்.

அடிக்கும் முறைக்குத் 'தமிழ் 99' விசைப்பலகையைப் பழகுங்கள். 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி வந்த முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'பக்கம்' என்று அடிக்கும்போது நடுவில் வரும் 'க்' எழுத்தின் புள்ளிக்கெனத் தனி விசை தேட வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் மொழி அமைப்பிலேயே இது உள்ளது.

4. நூலாக்க: லிப்ரேஆபிஸ்

2010 இல் தொடங்கிய இந்த அலுவல் மென்பொருளில் எழுத்து, அட்டவணை, படவில்லைகள் மூன்றுக்கும் பகுதிகள் உண்டு. இதன் கோப்பு வடிவம் 2006 இல் அனைத்துலகத் தர அமைப்பால் ஏற்கப்பட்டது. எந்த நிறுவனமும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. ஆகவே எந்த மென்பொருளும் நாளை அதைத் திறக்கலாம். வரலாற்றுப் பாட இடுபணியைப் பல ஆண்டுகள் கழித்தும் படிக்க முடிய வேண்டுமானால் இது முக்கியம். முடிந்ததும் 'பிடிஎஃப்' ஆக மாற்ற ஒரே சொடுக்கு போதும்.

அட்டவணைப் பகுதியில் தோட்டச் சொல் தொகுப்பு ஒன்றைத் தொடங்கலாம். முதல் நிரலில் சொல், இரண்டாவதில் பொருள், மூன்றாவதில் எந்தத் தோட்டத்தில் கேட்டது, நான்காவதில் பதிவு செய்த நாள். ஒரு வகுப்பே சேர்ந்தால் ஒரு தவணையில் நல்ல அகராதி உருவாகிவிடும்.

5. இடத்துக்கு: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்

2004 இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய உலக வரைபடம் இது. விக்கிப்பீடியாவைப் போல யாரும் இதில் சேர்க்கலாம், திருத்தலாம். கோயில், பள்ளி, திடல், செம்மண் சாலை என்று உங்கள் தோட்டத்தில் இருப்பவற்றைக் குறியுங்கள். பெயரைத் தமிழிலும் தனியாக இட இடம் உண்டு.

இதற்கு இரண்டு விதிகள். மற்ற நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்துப் படியெடுக்கக் கூடாது. அது பிறர் உரிமை. நேரில் பார்த்ததையும், அனுமதிக்கப்பட்ட செயற்கைக்கோள் படத்தில் தெரிவதையுமே சேர்க்க வேண்டும். இரண்டாவது, எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று எழுதக் கூடாது. இடிந்துபோன கட்டடங்களை இதில் குறிக்க வேண்டாம். அவற்றுக்குத் தாளில் ஒரு வரைபடம் போடுங்கள். பெரியவர்களை உட்கார வைத்து, லயன் எங்கே, கிணறு எங்கே, பால் கொட்டகை எங்கே என்று கேட்டு வரைந்து, அதை வருடி வையுங்கள்.

பழைய கணினி என்றால்?

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. வீட்டில் உள்ள பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்கவில்லை என்பதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டாம். 'லினக்ஸ் மின்ட்', 'லுபுண்டு' போன்ற இலவச இயங்குதளங்களை விரலியில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமலேயே ஓட்டிப் பார்க்கலாம். மேலே சொன்ன ஆடாசிட்டி, கிம்ப், லிப்ரேஆபிஸ் மூன்றும் அதில் இயங்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எந்த மென்பொருளையும் அதன் சொந்த இணையத்தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரங்களில் போலித் தளங்களும் இருக்கும். பூட்டுடைத்த திருட்டு மென்பொருளோடு நச்சுநிரலும் சேர்ந்து வரக்கூடும். பாட்டியின் குரல் இருக்கும் கணினியில் அந்த ஆபத்து வேண்டாம்.

மூன்று படிகள்

கணினி கெடும், விரலி தொலையும், கைப்பேசி நீரில் விழும். எனவே ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று விரலியில் அல்லது வெளி வன்தட்டில், ஒன்று வேறோர் இடத்தில், அதாவது இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ. கோப்பின் பெயரில் நாள், இடம், பொருள் மூன்றும் இருக்கட்டும். 'புதிய பதிவு 7' என்ற பெயர் அடுத்த ஆண்டு உங்களுக்கே புரியாது.

பள்ளி விடுமுறையில் ஒரு பெரியவர், ஒரு கைப்பேசி, அரை மணி நேரம் போதும். தமிழ் 99ஐ அடுத்த மாதம் பழகலாம், கிம்பை அதற்கடுத்த மாதம் கற்கலாம். கருவிகள் இணையத்தில் காத்திருக்கும். பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. ஆகவே குரலை முதலில் பதியுங்கள்.