எஞ்சினுக்கு முன் டயர்

மாருதி ஸ்விஃப்ட் டீசலில் 2007 முதல் ஓடிய 1,248 சிசி எஞ்சின் ஃபியட்டின் வடிவமைப்பு. ஃபியட் அதற்கு மல்டிஜெட் என்று பெயரிட்டது. மாருதி டிடிஐஎஸ் என்று விற்றது. சில டாடா கார்களிலும் அதே எஞ்சின்தான் இருந்தது. ஸ்விஃப்டில் அது கொடுத்தது 75 பிஎஸ் சக்தி, 190 நியூட்டன் மீட்டர் டார்க். எர்டிகாவில் அதே 1,248 சிசி 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்ததும் மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும் இந்த எஞ்சின் பூட்டிய பழைய வண்டிகள் இன்றும் சாலையில் ஏராளம். டியூனிங் என்றால் என்ன, அது எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

75-க்கும் 90-க்கும் நடுவில் உள்ள முக்கிய வேறுபாடு டர்போ. ஸ்விஃப்டில் இருந்தது நிலையான அமைப்புள்ள டர்போ. எஞ்சின் 2,000 சுற்றை நெருங்கும்வரை அதற்குப் போதிய புகைக்காற்று கிடைக்காது. வண்டி சோம்பலாக நகர்ந்து, பிறகு திடீரென்று இழுக்கும். இந்தத் தாமதத்தைத்தான் ஓட்டுநர்கள் ‘லேக்’ என்கிறார்கள். எர்டிகாவின் டர்போவில் டர்பைனைச் சுற்றிச் சிறு இதழ்கள் உண்டு. வேகத்துக்கு ஏற்ப அவை குறுகியும் விரிந்தும் புகைக்காற்றின் போக்கை மாற்றுகின்றன. ஆக, தொழிற்சாலை சக்தியைக் கூட்ட நினைத்தபோது மென்பொருளோடு நிற்கவில்லை, இரும்பையும் மாற்றியது.

கடையில் செய்யும் ரீமேப்பில் இரும்பு எதுவும் மாறாது. எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியில் உள்ள அட்டவணைகள் மட்டும் திருத்தப்படுகின்றன. எந்தச் சுற்றில், ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கும்போது, எத்தனை மில்லிகிராம் டீசல் பாய வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும், டார்க் எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் அந்த அட்டவணைகளில் உள்ளன. நல்ல டியூனர் இவற்றை ஒன்றோடொன்று பொருந்தும்படி உயர்த்துவார்; டீசலைக் கூட்டும் இடத்தில் அதற்கு வேண்டிய காற்றும் இருக்கிறதா என்று பார்ப்பார். டர்போ டீசலில் ரீமேப்பால் மட்டுமே கால்பங்கு வரை டார்க் கூடுவது சாதாரணம்.

டியூனிங் பாக்ஸ் செய்யும் வேலை வேறு. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசலைத் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலின் அழுத்த சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் அது உட்காருகிறது. ரெயிலில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று கணினிக்குப் பொய்த் தகவல் கொடுக்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்ட, டீசல் கூடுதலாகப் பாய்கிறது. பிக்கப் உடனே தெரியும், கழற்றி வைப்பதும் சுலபம். ஆனால் கணினிக்கே உண்மை தெரியாத நிலையில் அதன் பாதுகாப்பு எல்லைகள் அர்த்தம் இழக்கின்றன. பம்பும் இன்ஜெக்டரும் கணக்கில் வராத சுமையைத் தாங்குகின்றன. பழைய வண்டிக்கு இது தகாத வழி.

ரீமேப்புக்கு முதலில் பலியாவது பெரும்பாலும் கிளட்ச். அதை முன்கூட்டியே சோதிப்பது எளிது. காலியான நேர்ச்சாலையில் நான்காவது கியரில் எஞ்சின் 2,000 சுற்றுக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்த வேண்டும். வேகம் ஏறாமல் டாக்கோமீட்டர் முள் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. 190-ஐயே தாங்காத கிளட்ச் அதற்கு மேல் தாங்காது. அடுத்துப் பார்க்க வேண்டியது டைமிங் செயின். மல்டிஜெட்டில் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வண்டிகளில் இந்தச் செயின் தளர்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் கலகலவென்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்கும் எஞ்சினுக்கு ரீமேப் செய்வது அநியாயம். மூன்றாவது, புகை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பின்னால் கரும்புகை தள்ளினால் டீசல் முழுதாக எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். சக்தி கூடியதற்கு அது அடையாளம் அல்ல. புகைக்காற்றில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஈஜிஆரை அடைப்பது, பிஎஸ்6 கார்களில் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப்பை அறுத்தெடுப்பது போன்றவற்றை டியூனிங் என்று அழைப்பதே தவறு. பின்னால் வருபவரின் மூச்சில் நஞ்சைக் கலக்கும் வேலை அது.

டர்போ இல்லாத பெட்ரோல் கார்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே காற்றைத் திணிக்க வழி கிடையாது. ரீமேப்பில் கிடைப்பது சில குதிரைத்திறன். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரில் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்.

சட்டம் இந்த ஆர்வத்துக்குத் தாராளமாக இடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனமும் இந்தக் கேள்வியைக் கேட்கும்.

கூட்டிய டார்க் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம், ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் உள்ளங்கை அளவுப் பரப்பு. ஸ்விஃப்ட் முன்சக்கர இழுவைக் கார். 2,000 சுற்றில் டர்போ விழித்துக்கொள்ளும்போது முன்டயர்கள் இரண்டும் இழுவையையும் திருப்பத்தையும் ஒரே சமயத்தில் சமாளிக்க வேண்டும். மழையில் நனைந்த ரவுண்டானாவில் இது போதாமல் போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே வழுக்கும். பிரேக்கின் பலமும் இதே பரப்பைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் செலவிடும் வரிசையில் டயர் முதலில் வர வேண்டும். மொட்டை டயரோடு ரீமேப் கடைக்குப் போகும் காரை நல்ல டியூனர் திருப்பி அனுப்புவதே முறை.

ஸ்விஃப்டின் கீழ்நிலை வகைகள் 165/80 ஆர்14 டயரோடு வந்தன. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையின் உயர்நிலை வகையில் 185/65 ஆர்15. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் வீலின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டால் முதல் டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. வித்தியாசம் கால் சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், சக்கர வளைவில் உள்ள இடைவெளி எதுவும் குலையாது. அகலம் மட்டும் 20 மில்லிமீட்டர் கூடுகிறது. தயாரிப்பாளரே அந்த மாடலின் உயர்நிலை வகைக்குத் தேர்ந்த அளவைக் கீழ்நிலை வகைக்கு எடுத்துக்கொள்வதுதான் இருப்பதில் பாதுகாப்பான மாற்றம். 195, 205 என்று மேலே போகிறவர்கள் மைலேஜையும் ஸ்டியரிங்கின் லேசான தன்மையையும் விலையாகக் கொடுக்கிறார்கள். போதாக்குறைக்கு, தேங்கிய நீரில் அகலமான டயர் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும்.

அளவுக்கு அடுத்தபடியாக 88எச் போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. பழைய டயரில் உள்ளதைவிட இவை குறையவே கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் தெரியும்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. தள்ளுபடி விலையில் கிடைக்கும் டயரில் முதலில் தேட வேண்டியது இந்த நான்கு இலக்கத்தைத்தான். கடைக்காரர் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் திருப்பிப் பார்க்க வேண்டும். தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும்.

எந்த பிராண்ட் என்ற விவாதம் முடிவற்றது. அதைவிடப் பயனுள்ள கேள்வி, எந்த வகை ரப்பர் என்பது. நீண்டநாள் உழைக்கும் கடின ரப்பர் ஈரத்தில் பிடிப்பைச் சற்று விட்டுக்கொடுக்கும். மென்மையான ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேயும். டிரெட்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண் கூடினால் ஆயுள் கூடும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணை நிறுவனங்கள் தாங்களே சோதித்துத் தருவதால், ஒரு பிராண்டின் 400-ஐ இன்னொன்றின் 400-உடன் அப்படியே ஒப்பிட முடியாது. டார்க் கூட்டிய காருக்கு 80,000 கிலோமீட்டர் உழைக்கும் டயரைத் தேடுவது பொருந்தாத ஆசை. ஈரப்பிடிப்புக்கே முதல் மதிப்பெண்.

டயரின் பட்டன் (டிரெட்) 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படி ஓட்டக் கூடாது. மழைக்கு அதற்கு முன்பே, 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுவது நல்லது. நான்கையும் மாற்றப் பணம் இல்லாமல் இரண்டு மட்டும் வாங்கினால் அவை பின்சக்கரத்துக்கே போக வேண்டும், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும். இதற்கு நேர்மாறாகச் செய்யும் கடைகள் நிறைய. முன்பிடி போனால் கார் நேராகச் செல்லும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் பிடிக்கும். பின்பிடி போனால் கார் சுழலும். அதைத் திருத்தும் பயிற்சி பெரும்பாலானோருக்கு இல்லை.

புதிய டயரோடு அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்தாக வேண்டும். காற்று, ஓட்டிச் சூடாவதற்கு முன் அளக்கப்பட வேண்டும். நைட்ரஜனுக்குத் தனியாகப் பணம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம்: சாதாரணக் காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது. புது ரப்பரின் மேல்வழவழப்பு போக முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். கடைசியாக ஸ்டெப்னி. 15 அங்குல அலாய்க்கு மாறிய ஸ்விஃப்டின் டிக்கியில் பழைய 14 அங்குல இரும்பு வீல் கிடக்கலாம். விட்டம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பஞ்சர் கடை வரை அது போதும். ஆனால் சில அலாய்களின் நட்டு இரும்பு வீலில் சரியாக உட்காராது. பழைய நட்டு நான்கையும் ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வைத்திருக்க வேண்டும்.