கடலோர அடுப்புகள் – 7: அஸருக்குப் பிறகு ஓர் அண்டா

துணி மூட்டைகளோடு பரங்கிப்பேட்டையில் கப்பலேறிய தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சென்ற வாரம் சுமத்ராவின் வடமுனையான அச்சே துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தோம். அவர்களைப் பின்தொடர்வதற்கு முன்னால், இக்கரையில் ஓர் அடுப்பைப் பார்த்துவிட வேண்டும். பரங்கிப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் 1993 வரை ஒரே தென்னார்க்காடு மாவட்டம். நோன்பு மாதத்தில் இவ்வூர்ப் பள்ளிவாசல்களில் கொதிக்கும் கஞ்சிக்கு அக்கரையிலும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

லுஹர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசலின் பின்கட்டில் வேலை தொடங்கிவிடும். பச்சரிசிக் குருணையும் பாசிப்பருப்பும் களைந்து ஊறவைக்கப்படும். ஒரு கைப்பிடி வெந்தயம் கட்டாயம். நாள் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் படாத வயிற்றைக் குளிர்விப்பது அதுதான் என்பார்கள். அண்டாவில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலம். பிறகு வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், புதினா, மல்லி. வசதியைப் பொறுத்துக் கொத்துக்கறியோ எலும்போ சேரும். அரிசி குழைந்த பிறகு தேங்காய்ப்பால். பாசிப்பருப்பு அடியில் தங்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நீண்ட மரத்துடுப்பை யாராவது ஒருவர் ஓயாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நோன்பு வைத்திருப்பதால் உப்பையும் காரத்தையும் நாவில் வைத்துப் பார்க்கச் சமைப்பவர் தயங்குவார். கைக்கணக்கும் மணமும்தான் அவருக்குத் துணை. இந்தத் தேர்ச்சிக்கு நாம் உரிய மதிப்பு கொடுத்ததில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளிகள் வந்து சேரும். நோன்பு வைத்த வீடுகளிலிருந்து மட்டும் அல்ல.

“பாய், புள்ளைக்குக் காய்ச்சல். கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க.”

“வாம்மா, வாளியை இப்படிக் குடு.”

பொட்டு வைத்த நெற்றிகளும் அந்த வரிசையில் சகஜம். எந்த வீடு, என்ன சாதி என்று கேட்பவர் இல்லை. மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது பள்ளிக்குள் பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. கூடவே வடையோ சமோசாவோ. சென்னைக்கும் தெற்கத்தி ஊர்களுக்கும் இடையே பேருந்தில் போகிறவர், மஃரிப் நேரத்தில் திண்டிவனத்தில் இறங்கிவிட்டால் அவருக்கும் அந்தப் பாயில் இடம் உண்டு.

இனி அக்கரை. இந்தோனேசியாவில் நோன்பு திறப்பது பெரும்பாலும் இனிப்பில். அதில் முதலிடம் கோலாக்குக்கு. வாழைப்பழத் துண்டுகளும் சர்க்கரைவள்ளியும் தேங்காய்ப்பாலில் வேகும். இனிப்புக்கு ஒருவகைப் பனையின் வெல்லம், மணத்துக்கு ரம்பை இலை. நம் வீடுகளில் நோன்புக்குச் செய்யும் கடல்பாசி அங்கே பல நிறங்களில் கடைத்தெருவில் விற்கிறது. ஆனால் பள்ளிவாசல் அடுப்புகளைத் தேடிப் போனால் மறுபடியும் கஞ்சிதான். ஜாவாவின் சோலோ நகரில், ஜாயெங்கான் பகுதி தாருஸ்ஸலாம் பள்ளிவாசலில், காலிமந்தானிலிருந்து வந்து குடியேறிய பஞ்சார் மக்கள் இறைச்சியும் நெய்யும் மசாலாவும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி, அஸருக்குப் பிறகு ஊருக்கே ஊற்றுகிறார்கள். செமாராங் நகரின் பெக்கோஜான் பள்ளிவாசலில் காய்ச்சுவதை ‘இந்தியக் கஞ்சி’ என்றே அழைக்கிறார்கள். இஞ்சி, பட்டை, எலுமிச்சைப்புல், தேங்காய்ப்பால் சேர்ந்தது. குஜராத் பக்கத்து வணிகர்கள் வழி வந்த பழக்கம் என்று அவ்வூரார் சொல்கிறார்கள். நம் வணிகர்கள் போய் இறங்கிய அச்சேயில் அதன் பெயர் ‘கஞ்சி ரும்பி’. கோழியோ இறாலோ போட்டு, அன்னாசிப்பூவும் மிளகும் மணக்க, மேலே பொரித்த வெங்காயம் தூவித் தருவார்கள். திண்டிவனத்துக்காரர் ஒருவரை அங்கே உட்கார வைத்தால் இரண்டாவது கிண்ணம் கேட்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாலையில் வாங்கும் இந்தத் தின்பண்டங்களை இந்தோனேசியர்கள் தக்ஜில் என்கிறார்கள். 2024 ரமலானில் அங்கே ஒரு வேடிக்கை பரவியது. நோன்பு வைக்காத மாற்று மதத்தவர்கள் மூன்று மணிக்கே போய்த் தக்ஜில் கடைகளைக் காலி செய்துவிடுகிறார்கள் என்று இரு தரப்பும் சமூக ஊடகங்களில் ஒருவரையொருவர் செல்லமாகச் சீண்டிக்கொண்டார்கள். அதைப் படித்தபோது என் மனம் நேரே நம்மூர்த் தூக்குவாளி வரிசைக்குத்தான் போனது.

நம்மூர் அண்டாவுக்கு அரிசி எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு அரசுடையது. 2001இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, ரமலான் தோறும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்கப்படுகிறது. ஆட்சிகள் மாறியும் அது நிற்கவில்லை. பருப்பு, கறி, விறகு, சமையல்கூலி எல்லாம் ஜமாஅத்தின் பொறுப்பு. ‘இன்றைய கஞ்சி என் செலவு’ என்று ஆளுக்கொரு நாளை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அரிசியைவிட இந்த ஏற்பாடுதான் அண்டாவைத் தாங்குகிறது என்பேன்.

2020இல் கொரோனா ஊரடங்கு. பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்ச வழியில்லை. அவ்வாண்டு 2,895 பள்ளிவாசல்களுக்கு ஒதுக்கிய 5,450 டன் அரிசியைத் தன்னார்வலர்கள் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது. பசிக்கு அது போதும். ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வாளி தூக்கி வருகிற பக்கத்துத் தெரு அம்மாவுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பொது அடுப்புக்கு மட்டுமே முடிகிற காரியம் எது என்பதை அந்த ஒரு மாதம் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

அடுத்த வாரம் மேடான் நகரம்: அங்குள்ள கம்போங் மெட்ராஸில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கௌதியா பள்ளிவாசலுக்குப் போகிறோம்.

(தொடரும்)