ஒருசாலை மாணாக்கர்



நரை தோன்றிய தலையினர் இருவர் ஒரு பள்ளிக்கூட வாயிலில் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருவரை ஒருவர் உற்று நோக்குகின்றனர். சற்று நேரம் இருவருக்கும் ஐயம். பிறகு, சிறுவயதில் வகுப்பில் வழங்கிய பட்டப்பெயர் ஒன்று ஒருவர் வாயினின்று வெளிப்படுகிறது. அவ்வளவே! பதவி மறைகிறது, செல்வம் மறைகிறது, நாற்பது ஆண்டுகள் ஒரு நொடியில் கழன்று விழுகின்றன. இக்காட்சியை நீங்கள் இன்று நகைப்போடு காணலாம். நாளை நீங்களே அவ்வாயிலில் நிற்பீர்கள். ஆதலின், பழைய மாணவர் கூடுவது எதற்காக, அக்கூட்டத்தால் விளையும் பயன் யாது என்பதை இன்றே ஆராய்ந்து அறிதல் நன்று.

ஆங்கில நாட்டில் 'கிராமர் ஸ்கூல்' என ஒருவகைப் பள்ளிகள் உண்டு. 'இலக்கணப் பள்ளி' என்பது அதன் நேர்பொருள். இலத்தீன் மொழியின் இலக்கணத்தைக் கற்பிப்பதற்கென இடைக்காலத்தில் தோன்றியமையால் அப்பெயர் பெற்றன. ஆங்கிலேயர் ஆட்சி பரவிய இடங்களுக்கு அப்பெயரும் சென்றது. ஐதராபாத்தில் 1834ஆம் ஆண்டு தோன்றிய புனித ஜார்ஜ் கிராமர் பள்ளி அதற்கு ஒரு சான்று. அத்தகைய பள்ளிகளோடு 'பழைய மாணவர் சங்கம்' என்னும் வழக்கமும் நம் நாட்டில் வேரூன்றியது.

சங்கம் என்னும் அமைப்பு புதிதாகலாம். அதனுள் இருக்கும் உறவு நமக்குப் புதிதன்று. ஓர் ஆசிரியரிடம் உடன் பயின்றவரை 'ஒருசாலை மாணாக்கர்' என்று நம் முன்னோர் வழங்கினர். தொல்காப்பியத்திற்குச் சிறப்புப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு அகத்தியரிடம் பயின்ற ஒருசாலை மாணாக்கர் என்பது மரபுச் செய்தி. ஒரு நூலுக்குப் பாயிரம் சொல்லத் தகுதியுடையோர் யாவர் என வினவினால், பவணந்தி முனிவரின் நன்னூல் விடை கூறுகிறது. நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகியோர் கூறலாம். தானே தன்னைப் புகழ்தல் ஆகாது. உடன் கற்றவனுக்கு இவ்வுரிமை ஏன் வந்தது? ஒருவன் புகழ் பெறுவதற்கு முன்னரே அவனை அறிந்தவன் அவன். அவன் தடுமாறியதையும் கண்டவன், தேறியதையும் கண்டவன்.

நன்னூல் மற்றுமொரு கணக்கும் தருகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் கல்வியில் காற்பங்கே கைகூடும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதியும் நிறையும் என்பது அதன் கருத்து. அங்ஙனமாயின், நாம் கற்ற கல்வியில் காற்பங்குக்கு நம் தோழர்க்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது பொருளன்றோ?

அக்கடனைத் தீர்த்தவனும் உண்டு, மறந்தவனும் உண்டு. சாந்தீபினி முனிவரிடம் கண்ணனோடு பயின்றவர் குசேலர். வறுமை வாட்ட, ஒரு பிடி அவலை முடிந்துகொண்டு துவாரகைக்குச் சென்றார். அரசனாகிய கண்ணன் எழுந்தோடி வந்து தழுவினான். இருவரும் விறகு பொறுக்கப் போய்க் காட்டில் மழையில் அகப்பட்ட இரவைப் பேசி மகிழ்ந்தனர். துரோணர் கதை வேறு. இளமையில் உடன் பயின்ற துருபதன், பாஞ்சால நாட்டு மன்னனானபின், 'அரசனுக்கும் ஏழைக்கும் நட்பு ஏது?' என்னும் கருத்தில் அவரை இகழ்ந்தான். அந்த ஓர் இகழ்ச்சி பகையாயிற்று. பகை அவன் நாட்டைப் பிளந்தது. பின் பாரதப் போர்க்களத்தில் இருவர் உயிரையும் குடித்தது. பழைய மாணவர் கூடும் அவை ஒவ்வொன்றிலும் குசேலரும் இருப்பார், துரோணரும் இருப்பார். அவரை எதிர்கொள்வது கண்ணனா, துருபதனா என்பதிலேதான் அவையின் மதிப்பு அடங்கியுள்ளது.

இனி, நம் நாட்டு மலையொன்றிற்குச் செல்வோம். சேலம் நகருக்கு வடக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. கொண்டை ஊசி வளைவுகள் இருபதைக் கடந்தால் ஏற்காடு வரும். ஏரியும் காடும் சேர்ந்தமையால் வந்த பெயர் அது. சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பார் 1820ஆம் ஆண்டுகளில் காப்பிப் பயிரை இங்குக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின, வெயிலுக்கு அஞ்சிய ஐரோப்பியர் குடியேறினர், அவர்களைப் பின்பற்றிப் பள்ளிகள் தோன்றின. அவற்றுள் ஒன்று, புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917ஆம் ஆண்டு நிறுவிய மான்போர்ட் பள்ளி. பிரான்சு நாட்டுத் துறவியாகிய லூயி மரி கிரிஞ்ஞோன் தெ மான்போர்ட் என்பார் பெயரால் அது வழங்குகிறது.

மாணவர் அங்கேயே தங்கிப் பயிலும் உறைவிடப் பள்ளி அது. தொடக்கத்தில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கென ஏற்பட்டது. ஆங்கிலோ இந்தியருள் பலர் இரயில்வே, தந்தி, சுங்கம் முதலிய துறைகளில் பணியாற்றியவர். அடிக்கடி ஊர் மாறியவர். ஊர்தோறும் பள்ளி மாற்றுவதினும், மலைமேல் ஒரே இடத்தில் பிள்ளையை நிறுத்திப் படிக்கவைப்பது அவர்களுக்கு ஏற்றதாயிற்று. ஆண்டில் பெரும்பகுதி பெற்றோரைப் பிரிந்து வாழும் சிறுவனுக்கு உடன் பயில்வோரே உடன்பிறந்தார் ஆகின்றனர். ஒரே கூடத்தில் உறக்கம், ஒரே மணிக்கு உணவு, ஒரே பனியில் நடுக்கம்! பகற்பள்ளியில் பயின்றாரினும் உறைவிடப் பள்ளியில் பயின்றாரிடம் பழைய பற்று மிகுந்து காணப்படுவதற்கு இதுவே காரணம்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குக் கப்பலேறின. நம் அரசியலமைப்பின் 337ஆம் பிரிவு அவர்களுடைய பள்ளிகளுக்கு அரசு மானியத்தைப் பத்து ஆண்டுகளுக்குத் தொடரச் செய்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறையும் என்றும் வரையறுத்தது. மானியம் பெறும் பள்ளி, ஆண்டுதோறும் சேர்க்கையில் நாற்பது விழுக்காட்டு இடங்களையேனும் பிற சமூகத்தார்க்குத் திறந்துவைத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. மூடியிருந்த கதவு சட்டத்தால் திறந்தது எனலாம். மான்போர்ட் பள்ளியிலும் பல வகுப்பாரும் பயிலலாயினர். 1983ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் பதினெட்டு விக்கெட்டுகளை வீழ்த்திய ரோஜர் பின்னி, எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சசி தரூர், திரைப்பட நடிகர் விக்ரம் ஆகியோர் அங்குப் பயின்றவர்கள். 2010ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டம் ஆங்கிலோ இந்தியப் பாடத்திட்டத்தையும் மற்றப் பாடத்திட்டங்களோடு ஒன்றாக்கியது. 2017இல் அப்பள்ளி நூறாண்டு கண்டது.

கடல் கடந்து சென்றவர்கள் பள்ளியை மறந்தனரா? இல்லை. உலக ஆங்கிலோ இந்தியர் மாநாடு பல நாடுகளிலும் முறைவைத்துக் கூடி வருகிறது. 2013இல் கொல்கத்தாவிலும் 2019இல் சென்னையிலும் கூடியது. நாட்டை விட்டுப் பிரிந்தவர்க்கு வீடு இங்கு இல்லை, நிலம் இல்லை, உறவினரும் பெரும்பாலும் இல்லை. எஞ்சி நிற்பது பள்ளிக்கூடம் ஒன்றே. ஊர் திரும்பும் முதியவர் தம் இளமையைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் பள்ளிச் சுவரைத்தான் தொட வேண்டும்.

இந்நினைவு இத்துணைக் காலம் எங்ஙனம் நிலைக்கிறது? அமெரிக்க உளநூல் அறிஞர் ஹாரி பாரிக் என்பார் தம் துணைவரோடு 1975ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். உயர்நிலைப் பள்ளியில் பயின்று நீங்கியோர் 392 பேரிடம், அவர்தம் பள்ளி ஆண்டுமலரில் உள்ள படங்களைக் காட்டிச் சோதித்தார். பள்ளியை விட்டு ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆனவரும் பத்துக்கு ஒன்பது முகங்களை இனங்கண்டனர்! ஆயின், படமின்றிப் பெயர்களை மட்டும் நினைந்து கூறுமாறு கேட்டபோது அவ்வாற்றல் ஆண்டுதோறும் தேய்ந்திருந்தது. வாயிலில் நின்ற அவ்விரு முதியவரும் சற்றே தயங்கியது எதனால் என்பது இப்பொழுது விளங்கும். முகம் உள்ளத்தில் இருந்தது. பெயரை எடுத்துக் கொடுக்கத்தான் ஒரு துணை வேண்டியிருந்தது. அத்துணையே நண்பர் கூட்டம். ஒருவர் மறந்ததை ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நினைவு என்பது பேழையில் பூட்டிய பொருளன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்பொழுதும் உள்ளம் அதைப் புதிதாகக் கட்டியெழுப்புகிறது என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் பார்ட்லெட் 1932இலேயே விளக்கினார். ஆதலின் பழைய மாணவர் பேச்சில் பிரம்படி இனிக்கும். உப்பில்லாக் கஞ்சி அமுதாகும். கடுமையான ஆசிரியர் தெய்வமாவார். இனிமை பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. அடிபட்டுக் கல்வியை வெறுத்து ஓடியவன் அக்கூட்டத்திற்கு வருவதில்லை என்பதை மறத்தல் ஆகாது.

வாராதவர் இன்னும் சிலர் உளர். சேர்வராயன் மலையிலே செம்மநத்தம் என ஓர் ஊர் உண்டு. அதனைப் போன்ற சிற்றூர்கள் பல காப்பித் தோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லன்று இது. மலையில் வாழ்வோர் என்னும் பொருளது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஏட்டின் துணையின்றி, பாட்டன் சொல்லப் பேரன் கேட்டுக் காத்த நினைவு அது.

மலைமேல் பெரிய பள்ளிகள் எழுந்த காலத்தில் அம்மக்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. உறைவிடப் பள்ளி என்றால் விறகு பிளப்போர், நீர் சுமப்போர், சோறு சமைப்போர், தோட்டம் காப்போர் இன்றி நடவாது. குழுப்படத்தில் மாணவர் இருப்பர்; ஆசிரியர் இருப்பர்; அன்று அதிகாலையில் அடுப்பு மூட்டியவர் அதில் இரார். பழைய மாணவர் பலர் அச்சமையற்காரரைத்தான் அன்போடு முதலில் நினைவுகூர்வர். ஆனால் அவருடைய முழுப்பெயரும் ஊரும் கேட்டால் சொல்ல அறியார். மலையின் கல்வி வரலாற்றில் பாதி அந்தப் பெயரில்லாதவரிடம் இருக்கிறது. அவரையும் கேட்டு எழுதாத பள்ளி வரலாறு குறையுடையது.

காலமோ விரைகிறது. விடுதலைக்கு முன் மலைப்பள்ளிகளில் பயின்றவருள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே; அனைவரும் மிக மூத்த வயதினர். அவர்களோடு ஒரு காலத்தின் வாய்மொழி மறையும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவர் மாணவர் உ. வே. சாமிநாதையர், தம் நினைவையும் பிறரிடம் கேட்டறிந்த செய்திகளையும் பல்லாண்டு தொகுத்து, ஆசிரியர் வரலாற்றை 1930ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். அவர் தொகுத்திராவிடில் அப்பெரும்புலவர் பாடம் சொன்ன முறையை நாம் எங்ஙனம் அறிவோம்? அவ்வாசிரியரின் மூத்த மாணவர் தியாகராச செட்டியார், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தம் பதவியைச் சாமிநாதையர்க்குக் கிடைக்கச் செய்தார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஒருசாலை மாணாக்கர் ஒருவர் நீட்டிய கையால் தமிழ் பெற்ற பேறு பெரிது.

பழைய மாணவர் உறவு செல்வர் பள்ளிக்கே உரியது என்னும் எண்ணமும் இன்று மாறி வருகிறது. அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவரும் மற்றோரும் துணைசெய்ய, தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்க்கும் அவற்றில் இடம் அளித்தது. மலையூர்ப் பள்ளியில் பயின்று வெளியேறிய முதல் தலைமுறையினர்க்கும் இவ்வுரிமை உண்டு. தன் வீட்டில் முதன்முதல் எழுத்தறிந்தவன் தன் பள்ளிக்குத் திரும்பி வந்து, அடுத்த சிறுவனிடம் 'நானும் இந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்தேன்' என்று சொல்வானாயின், அதனினும் சிறந்த நன்கொடை வேறில்லை.

மாணவர்களே! நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வகுப்புப் படம் எடுத்தால் அதன் பின்புறத்தில் ஆண்டையும் அனைவர் பெயரையும் எழுதி வையுங்கள்; முகம் நிலைக்கும், பெயர் நிலையாது என்று கண்டோம் அன்றோ? மணி அடிப்பவர் பெயரையும் சோறு ஆக்குபவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். உங்கள் ஊரில் முதிர்ந்த பழைய மாணவர் இருப்பின், விடுமுறையில் அவரிடம் சென்று, அவர் பள்ளிக்கு நடந்த வழி, உண்ட உணவு, பயந்த பாடம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இனிமையைக் கேட்பதோடு துன்பத்தையும் கேளுங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, இன்று உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவனை நோக்குங்கள். அவன் நாளை உயரலாம், தாழலாம். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பிடி அவலோடு அவன் உங்கள் வாயிலில் நின்றால், அவன் பெயரைச் சொல்லி அழைக்க உங்களால் இயல வேண்டும்.