கத்திரிக்காய்க்கு சாட்சி யார்?

"என்னப்பா, காய்ல ஓட்டை இருக்கே?"

"அதான் சார் ஆர்கானிக்! புழுவே சர்டிபிகேட் குடுத்திருக்கு பாருங்க!"

இந்த பதிலைக் கேட்டதும் நம்ம ஆள் அசந்துபோய் இரண்டு கிலோவாக வாங்கிவிடுவார். ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிஷம் மல்லுக்கு நிற்கிறவர், இங்கே மட்டும் பேரமே பேச மாட்டார். குழந்தை சாப்பிடுகிற விஷயமாச்சே!

புழுவின் சர்டிபிகேட் செல்லாது, ஸார். கத்திரிக்காயைத் துளைக்கிற காய்ப்புழு, முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே காய்க்குள் புகுந்துவிடும். அப்புறம் வெளியே எத்தனை முறை மருந்து அடித்தாலும் அது உள்ளே சொகுசாக இருக்கும். அதாவது, ஓட்டையும் விஷமும் ஒரே காயில் இருக்கலாம். கோணல் வெண்டைக்காய், பளபளப்பு இல்லாத தக்காளி கதையும் இதேதான்.

லிக்விட் பாரஃபினில் நனைத்த பஞ்சால் பச்சை மிளகாயைத் தேய்த்துப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று உண்டு. பஞ்சு பச்சையானால் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல டெஸ்ட்தான். ஆனால் அது சாயத்தைத்தான் பிடிக்கும். பூச்சிமருந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

சரி, லேபுக்கே அனுப்பினால்? பூச்சிமருந்து மிச்சம் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு சாம்பிளுக்கு ஆயிரக்கணக்கில் பில் வரும், அது வேறு கதை. ஆனால் யூரியா போட்டார்களா என்று கேட்டால் அந்த ரிப்போர்ட்டில் பதில் இருக்காது. சாணி எருவில் இருக்கும் நைட்ரஜனும் சரி, யூரியாவில் இருப்பதும் சரி, கடைசியில் ஒரே உருவத்தில்தான் வேருக்குள் போகிறது. செடி பேதம் பார்ப்பதில்லை!

ஆக, ஆர்கானிக் என்பது காயின் குணமில்லை. அது விளைந்த நிலத்தின் சரித்திரம். காயை எத்தனை திருப்பிப் பார்த்தாலும் சரித்திரம் தெரியாது. கணக்குப் புத்தகத்தைத்தான் திருப்ப வேண்டும். ஆபீஸில் வவுச்சர் இல்லாமல் பத்து ரூபாய் பாஸ் பண்ணாதவர்கள்தானே நாம்? அந்த புத்தியைக் கொஞ்சம் காய்கறிக் கடைக்கும் கொண்டுபோவோம்.

பாக்கெட்டில் 'ஆர்கானிக்' என்று போட்டு விற்றால் இரண்டு சான்றுகளில் ஒன்று வேண்டும். ஒன்று, மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் 2001-ல் தொடங்கிய என்.பி.ஓ.பி. திட்டம். இதில் வெளி ஆள் வந்து தோட்டத்தை ஆய்வு செய்வார். நம் மாநிலத்தில் இதற்கென்றே கோவையை மையமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. இன்னொன்று பி.ஜி.எஸ். இதில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வார்கள். காய்கறி போன்ற பயிர்களுக்குப் பொதுவாக இரண்டு வருஷம், மரப்பயிர்களுக்கு மூன்று வருஷம் ரசாயனம் இல்லாமல் ஓட்டினால்தான் முழுச் சான்று.

சான்று இருந்தால் போதுமா? அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துக்காரர் ஒருவர் 2010 முதல் 2017 வரை ஆர்கானிக் தானியம் விற்றார். அவரிடம் சான்று பெற்ற வயல் நிஜமாகவே இருந்தது. சாதாரண தானியத்தைக் கலந்து, அந்த வயலின் பெயரில் தள்ளிவிட்டார். மொத்த வியாபாரம் 14 கோடி டாலருக்கும் மேல்! 2019-ல் பத்து வருஷத்துக்கு மேல் ஜெயில் தண்டனை கிடைத்தது. சான்று உண்மை, சரக்கு பொய்.

எனவே சான்று எண்ணோடு ஸ்டாக்கையும் டேலி பண்ணிப் பாருங்கள். சான்றில் எத்தனை ஏக்கர், என்னென்ன பயிர்? அரை ஏக்கர் தக்காளிக்காரர் வருஷம் முழுக்க தினமும் ஒரு லாரி விற்றால், அது தோட்டமா, அட்சய பாத்திரமா? மே மாசத்தில், "எல்லாம் நம்ம செங்கல்பட்டு தோட்டத்துல விளைஞ்சது சார்" என்று கேரட்டை நீட்டினால், ஊட்டி குளிர் எப்போது செங்கல்பட்டுக்கு மாற்றலாகி வந்தது என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். சிறு விவசாயி தானே நம்மிடம் நேரடியாக விற்றால், 2017-ல் வந்த ஆர்கானிக் உணவு விதிகளின்படி அவருக்குச் சான்று கட்டாயமில்லை. பேப்பர் இல்லை என்பதற்காக அவரைப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாறுகிற காலத்தில் விளைச்சல் குறைந்தும், சாதாரண விலைக்கே விற்றுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மனுஷர் அவர். போலிக்காரன் திருடுவது நம் பணத்தை மட்டுமில்லை, இவர் வாங்கியிருக்க வேண்டிய விலையையும்தான். அந்த விலை கிடைக்காவிட்டால் இவரும் ஒருநாள் யூரியா மூட்டைக்கே திரும்பிவிடுவார்.

இவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காய்ப்புழுவுக்கு என்ன பண்றீங்க?"

போலி ஆசாமி, "நாங்க ஒண்ணுமே போடறதில்லை சார்" என்பார். ஒன்றுமே செய்யாமல் கத்திரி விளைவித்த விவசாயி இன்னும் பிறக்கவில்லை. நிஜமான ஆள், வாடின குருத்தைக் கிள்ளி எரிப்பதில் ஆரம்பித்து, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல் என்று போய்க்கொண்டே இருப்பார். "ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கே வாங்க தம்பி" என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

ஒருமுறை போய்த்தான் பாருங்களேன். ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் பேச்சை நிறுத்த மாட்டார்!