மந்திரித்தால் மாறுமா?

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நான் செய்த தவறை இன்னொரு சித்தி செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

என் அக்கா மகன் நன்றாகப் படிக்கிற பையன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒருநாள், "அம்மா, எனக்குப் பொண்ணுங்க மேல அந்த எண்ணமே வரலை, ஆம்பளைங்க மேலதான் வருது. எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன், மாத்திக்க முடியலை" என்று அக்காவிடம் அழுதிருக்கிறான். பதறிப் போய் எனக்கு போன் செய்தாள் அக்கா. "யாரோ செய்வினை வச்சிருப்பாங்க" என்று, மந்திரிப்பவர் விலாசத்தைக் கொடுத்ததே நான்தான்.

தாயத்து, வேப்பிலை அடி, விரதம்... எதுவும் பலிக்கவில்லை. அடுத்து, "சரியாக்கிடலாம்" என்று ஒரு டாக்டர் மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார். பையன் நாள் முழுக்கத் தூங்கி வழிந்தான். அத்தான் அவனோடு பேசுவதையே நிறுத்தினார். சாப்பாட்டுத் தட்டுகூட தனியாக வைக்கப்பட்டது. படிப்பு நின்றது. ஆறே மாதத்தில் எலும்பும் தோலுமானான்.

பார்க்கப் போன என்னிடம், "சித்தி, நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதிதானே?" என்றான். என் அடிவயிறு கலங்கிவிட்டது.

மறுநாளே அக்காவையும், அவனையும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அவனிடம் தனியாக வெகுநேரம் பேசிய டாக்டரம்மா, எங்களைக் கூப்பிட்டார்.

"இவனோட விருப்பம் நோயே இல்லைம்மா. உலக சுகாதார நிறுவனம் 1990லயே அதை நோய்ப் பட்டியல்லேருந்து எடுத்துடுச்சு. இப்ப இவனுக்கு இருக்கற மனச்சோர்வுதான் நோய். அது நீங்கள்லாம் சேர்ந்து கொடுத்தது" என்றார். தலை குனிந்து நின்றோம்.

வயது வந்த இருவர் மனமொத்து இப்படி உறவு கொள்வது குற்றமல்ல என்று, 2018ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததும், "மாற்றிக் காட்டுகிறேன்" என்று செய்யும் சிகிச்சையைத் தடை செய்ய, 2021ல் சென்னை ஐகோர்ட் உத்தரவிட்டதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அப்படிச் செய்வது டாக்டரின் தொழில் ஒழுங்கீனம் என, 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்திருக்கிறதாம். 2017ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, இதைக் காரணம் காட்டி ஒருவரது சிகிச்சையில் பாகுபாடு பார்க்கவும் கூடாதாம்.

சட்டம் இத்தனை தந்தும், பெற்ற வீட்டில் ஒரு தட்டு சோற்றுக்கு அவனுக்கு உரிமை இல்லாமல் போனதே!

மனச்சோர்வு தீர்ந்து, படிப்பை முடித்து, இப்போது வேலைக்குப் போகிறான் பையன். அத்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால், போன தீபாவளிக்கு அவனுக்கும் ஒரு சட்டை எடுத்து வந்து, அக்கா கையில் கொடுத்தாராம்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை இப்படி மனம் திறந்தால், தாயத்தைத் தேடி ஓடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் சோறு போடுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.